கடினமான பாடமா, கிடைக்கும் இடமா?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியானதும் எமது இல்லங்களில் ஒரு கேள்வி எழுகிறது. "பிள்ளை இனி என்ன படிக்கப்போகிறது?" கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்குச் சொல்லப்படும் விடையில் பதினாறு வயதுப் பிள்ளை ஒன்றின் எதிர்காலம் மட்டுமன்றி, அவ்வீட்டார் எதனை மேலானதென்று கருதுகிறார்கள் என்பதும் வெளிப்பட்டுவிடுகிறது.

பொதுவாக இரண்டு விடைகளைக் கேட்கிறோம். "எது கடினமோ அதை எடு. கணிதமோ உயிரியலோ படித்தால்தான் நாலு பேர் மதிப்பார்கள்" என்பது ஒன்று. "எது இலகுவோ அதை எடு. எப்படியாவது கம்பஸ் கிடைத்தால் போதும்" என்பது மற்றொன்று. இவை ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றுகின்றன. சற்று உற்று நோக்கினாலோ இரண்டும் ஒரே வாயிலைப் பார்த்தபடி நிற்பது தெரியும். உள்ளே போவது எப்படி என்று இரண்டும் கேட்கின்றன. போகிற பிள்ளைக்கு இறைவன் தந்த மனம் எத்தகையது, அது யாருக்குப் பயன்படவேண்டும் என்று இரண்டுமே கேட்பதில்லை.

ஆகவே, உயர்தரப் பாடத் தெரிவை ஓர் அறநெறிக் கேள்வியாகவே இவ்வாரம் எடுத்து நோக்க விரும்புகிறோம்.

வாயிலும் அளவுகோலும்

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தோன்றியது. கன்னங்கராவின் பெயரோடு இணைந்த இலவசக் கல்வித் திட்டம் 1945இல் நடைமுறைக்கு வந்தது. ஏழையின் பிள்ளையும் உயர்கல்வியை எட்டலாம் என்ற நம்பிக்கையை இவ்விரண்டும் நாட்டுக்குத் தந்தன. ஆயினும் நம்பிக்கை வளர்ந்த வேகத்தில் இடங்கள் வளரவில்லை. உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிறது. வாயில் குறுகியது, முன்னே நிற்கும் கூட்டம் பெரியது.

எம்மவருக்கு இவ்வாயில் வேறொரு காயத்தையும் நினைவூட்டும். 1971இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தபோது, உழைத்துப் பெற்ற புள்ளிகளும் போதாமற்போன தலைமுறை ஒன்று எம் மத்தியில் உண்டு. பல்கலைக்கழக அனுமதி ஒரு படிப்பின் தொடக்கம் என்பது போய், ஒரு குடும்பத்தின், ஏன் ஓர் இனத்தின் வாழ்வா சாவா என்ற விடயமாக மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். பெற்றோரின் பதற்றத்தை நாம் எள்ளி நகையாட முடியாது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

இன்றைய முறை என்ன? 2000ஆம் ஆண்டு முதல் உயர்தரத்தில் நான்கு பாடங்களுக்குப் பதில் மூன்று பாடங்கள். 2001 முதல் இசட் புள்ளி முறை. பெரும்பாலான கற்கை நெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன.

இசட் புள்ளி என்பது பலருக்கு மந்திரம் போன்றது. உண்மையில் அது எளிய கணக்கு. ஒரு மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரினதும் சராசரியைக் கழித்து, வரும் மிகுதியை நியம விலகலால் வகுக்கிறார்கள். ஒரு பாடத்தில் சராசரி 40, நியம விலகல் 15 என வைத்துக்கொள்வோம். அதில் 70 புள்ளி பெற்றவரின் இசட் புள்ளி 2. வேறொரு பாடத்தில் சராசரி 60, நியம விலகல் 10 எனில், அதே 70 புள்ளிக்குக் கிடைப்பது 1 மட்டுமே. வெவ்வேறு பாடம் எடுத்தவர்களை நீதியாக ஒப்பிட வேண்டும் என்பதே இதன் நோக்கம். நல்ல நோக்கம்தான்.

ஆனால் இந்த அளவுகோல் ஒன்றைச் சொல்லாது. ஒருவர் தம்மோடு அதே பாடத்துக்குத் தோற்றியவர்களுள் எங்கே நிற்கிறார் என்பதை அது காட்டும். அந்தப் பாடம் அவருடைய அறிவை எவ்வளவு ஆழமாக உழுதது என்பதைக் காட்டாது. கெட்டிக்காரர் பலர் கூடும் பாடத்தில் நல்ல மாணவரும் நடுத்தரமாகத் தெரிவார். தளர்ந்தவர்கள் கூடும் பாடத்தில் நடுத்தரமானவரும் ஓங்கித் தெரிவார். இங்கேதான் சோதனை நுழைகிறது.

இரு சோதனைகள்

முதலாவது சோதனை, கூட்டத்தைக் கணக்கிட்டுப் பாடத்தைத் தெரிவது. "பௌதிகவியலை விட்டு விவசாய விஞ்ஞானத்தை எடு", "இரசாயனவியலை விட்டுத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை எடு" என்ற ஆலோசனைகளை ரியூட்டரி வாசல்களில் கேட்கலாம். விவசாயமும் கணினியும் தாழ்ந்த பாடங்கள் அல்ல; அவற்றை விரும்பிக் கற்பவர் பாக்கியவான். ஆனால் மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். பதினாறு வயதில் பயந்து மூடிய கதவு இருபது வயதில் தட்டினாலும் திறவாது என்பதைப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது சோதனை இதற்கு நேர் எதிரானது: கடினத்தையே அணிகலனாகச் சூட்டிக்கொள்வது. சொற்களை நேசிக்கும் பிள்ளை, வரலாற்று நூலைக் கையிலெடுத்தால் சோற்றை மறக்கும் பிள்ளை, உயிரியல் வகுப்பில் கொண்டுபோய் இருத்தப்படுகிறது. முதன்முறை தவறுகிறது; இரண்டாம் முறையும் தவறுகிறது; மூன்றாம் முறையும் தோற்றச் செய்கிறார்கள். இருபத்திரண்டு வயதில் அப்பிள்ளை பெறுவது ஒரு சான்றிதழ் அல்ல, "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணமே. பின்னால் நிற்கும் காரணங்களையும் மறைக்காமல் சொல்வோம்: அயலவரின் பேச்சு, வெளிநாட்டு உறவினரின் விசாரிப்பு, டொக்டர் மாப்பிள்ளைக்கும் எஞ்சினியர் மாப்பிள்ளைக்கும் சீதனச் சந்தையில் கிடைக்கும் விலை. இவற்றுக்காக ஒரு பிள்ளையின் ஆறு ஆண்டுகளைக் காணிக்கையாக்குவது எந்தப் பீடத்தில் வைக்கும் காணிக்கை?

இது எமக்கு மட்டும் உரிய நோய் அல்ல. ஐக்கிய அமெரிக்காவில் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் ஒரு பொதுப் பரீட்சைப் புள்ளியை மட்டும் பார்ப்பதில்லை. மாணவர் உயர்நிலைப் பாடசாலையில் எத்தகைய பாடங்களைக் கற்றார் என்பதையும் ஆராய்கின்றன. 1950களின் நடுப்பகுதியில் தொடங்கிய 'அட்வான்ஸ்ட் பிளேஸ்மன்ற்' போன்ற பல்கலைக்கழக மட்டப் பாடங்கள் அங்கே உண்டு. கெட்டிக்கார மாணவன் சவாலுக்கு அஞ்சாமல் மேலே ஏறட்டும் என்பதற்காக ஏற்பட்டவை அவை. நடந்தது என்ன? கடினமான பாடம் எடுத்தவரை வாயிற்காவலர் விரும்புகிறார் என்று தெரிந்ததும், விருப்பமோ தேவையோ இல்லாமல் அத்தகைய பாடங்களை அடுக்கிக்கொள்ளும் வழக்கம் அங்கும் வளர்ந்தது. அறிவின் ஆழத்தை அறிய வைத்த அளவுகோலே, காட்சிப்பொருளாக மாறிற்று. அளவுகோல் எதுவாயினும் மனித மனம் அதை வளைக்கும் வழியைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே முறையை மாற்றினால் மட்டும் போதாது.

எனினும் அங்குள்ள ஒரு நெறி எம் கவனத்துக்குரியது. ஒரு மாணவர் கற்ற பாடங்களின் கடினத்தை, அவருடைய பாடசாலையில் என்னென்ன பாடங்கள் கிடைத்தன என்பதோடு ஒப்பிட்டே நோக்க வேண்டும் என்பது அது. கிடைக்காத பாடத்தைக் கற்கவில்லை என்று ஒருவரைக் குறைகூற முடியாது. மிகுதியாகப் பெற்றவனிடம் மிகுதியாகக் கேட்கப்படும் என்ற நற்செய்தி நீதியின் சாயல் இதில் தெரிகிறதல்லவா?

அறநெறி தரும் தெளிவு

இலகுவான பாடத்தைத் தெரிவது பாவமா? கடினமான பாடத்தைத் தெரிவது புண்ணியமா? இப்படிக் கேட்டால் விடை கிடையாது. ஒரு மனிதச் செயலின் நன்மை தீமையை அறிய, செயல், நோக்கம், சூழ்நிலை ஆகிய மூன்றையும் நோக்க வேண்டும் என்பது திருச்சபையின் பழைய போதனை. அதை இங்கே பொருத்திப் பார்ப்போம்.

செயலைப் பொறுத்தவரை, இன்ன பாடத்தைக் கற்பது என்பது தன்னளவில் நன்மையே. புவியியலாயினும் இணைந்த கணிதமாயினும் உண்மையை நாடும் ஒவ்வொரு கல்வியும் இறைவனின் படைப்பை நோக்கிய ஒரு சாளரம்.

நோக்கத்தில்தான் பாதை பிரிகிறது. புனித தோமஸ் அக்குவைனாஸ், அறிவைத் தேடும் ஆவலை இருவகையாகப் பிரித்துக் காட்டினார். உண்மையை முறையாக, அடக்கத்தோடு தேடுவது ஒரு நற்பண்பு. வீண்பெருமைக்காகவோ தீய பயனுக்காகவோ தேடுவது அந்த ஆவலின் சீர்கேடு. ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து, ஒரே பாடத்தைக் கற்கும் இருவரில் ஒருவர் முதல் வகையிலும் மற்றவர் இரண்டாம் வகையிலும் இருக்கலாம். பரீட்சைத் திணைக்களத்தால் இதைப் பிரித்தறிய முடியாது. அவரவர் மனச்சாட்சியால் முடியும்.

சூழ்நிலையும் கணக்கில் வரவேண்டும். தந்தையை இழந்த வீட்டின் மூத்த பிள்ளை, விரைவில் உழைக்க வழிசெய்யும் தொழினுட்பப் பிரிவைத் தெரிகிறதென்றால், அது கோழைத்தனமல்ல, அன்பின் விவேகம். அதே தெரிவை, வசதியுள்ள வீட்டுப் பிள்ளை உழைக்கச் சோம்பிச் செய்தால், அது தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனின் செயலாகிவிடுகிறது.

தாலந்து உவமையை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஒரு விபரத்தை அடிக்கடி தவறவிடுகிறோம். தலைவர் ஐந்து, இரண்டு, ஒன்று எனக் கொடுத்தது அவரவர் திறமைக்கு ஏற்பவே. ஐந்தைப் பத்தாக்கியவனுக்குக் கிடைத்த பாராட்டும் இரண்டை நான்காக்கியவனுக்குக் கிடைத்த பாராட்டும் ஒன்றேதான். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தை எடுத்து வாசிப்போர் இதைக் காணலாம். அங்கே வெட்டுப்புள்ளி இல்லை. கண்டிக்கப்பட்டவன் குறைவாகப் பெற்றவன் என்பதற்காக அன்றி, பயந்து புதைத்தவன் என்பதற்காகவே கண்டிக்கப்பட்டான். இரண்டு தாலந்து பெற்ற பிள்ளையை ஐந்துக்குக் கணக்குக் கேட்பது அநீதி. ஐந்து பெற்ற பிள்ளையை இரண்டோடு திருப்தியடையச் சொல்வதும் அநீதியே.

வீணாகாத உழைப்பு

"இலகுவானதைப் படித்தும் இடம் பெறலாமென்றால், கடினமானதோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பல்கலைக்கழகம் கிடைக்கும் என்பது மட்டுமே பதிலானால், கிடைக்காத மூன்று பங்கினரின் உழைப்பு வெறும் நட்டமாகிவிடும்.

யூதக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்துவை நெருங்கி வந்த பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெயில், 1942இல் பாடசாலைக் கல்வியையும் இறையன்பையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தமக்கு நண்பராயிருந்த தொமினிக்கன் குரு ஒருவருக்கு அவர் கொடுத்த கட்டுரை அது. அவருடைய கருத்தை எம் சொற்களில் சொல்வதானால் இப்படி: ஒரு கேத்திரகணிதக் கணக்கோடு ஒரு மணிநேரம் உண்மையாகப் போராடி விடை காணாமல் எழுந்தாலும் அந்த மணிநேரம் வீண்போகவில்லை. மனம் கவனிக்கப் பழகியிருக்கிறது. அப்படிப் பழகிய மனமே செபத்தில் இறைவனுக்கும், துன்புறும் அயலானுக்கும் செவிகொடுக்க வல்லது.

கடின பாடத்தின் மெய்யான பயன் இதுவே. விடைத்தாளில் எழுதியது மறந்துபோகலாம், பொறுமை மறக்காது. ஆனால் மாதிரி வினாத்தாள்களை மனனஞ் செய்து, காரணம் அறியாமல் சூத்திரம் ஒப்புவிக்கும் பிள்ளை, எவ்வளவு கடின பாடத்தை எடுத்தாலும் இந்தப் பயனைப் பெறாது. பாடத்தின் பெயர் கடினமாயிருப்பது வேறு, கற்றல் ஆழமாயிருப்பது வேறு. தமிழிலக்கியத்தை ஆழ்ந்து கற்கும் மாணவி, பௌதிகவியலை ஒப்புவிக்கும் மாணவனைவிடக் கடினமான பாதையில் நடக்கிறாள்.

தோல்வி பற்றியும் ஒரு வார்த்தை. புனித ஜோன் ஹென்றி நியூமன் ஒக்ஸ்போர்ட் திரினிற்றிக் கல்லூரியில் மாணவராயிருந்தபோது, கணிதத்திலும் செம்மொழி இலக்கியத்திலும் உயர்ந்த சிறப்புப் பெறுவாரென யாவரும் எதிர்பார்த்தனர். அளவுக்கு மிஞ்சி உழைத்துத் தளர்ந்த அவர், 1820இல் இறுதிப் பரீட்சையில் எதிர்பாராத அளவு தாழ்ந்த பெறுபேற்றையே பெற்றார். இரண்டு ஆண்டுகளின் பின், 1822இல், ஓரியல் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தெரிவானார். 1852இல் டப்ளின் நகரில் பல்கலைக்கழகக் கல்வி பற்றி அவர் ஆற்றிய உரைகள் இன்றும் கற்கப்படுகின்றன. அறிவு தன்னளவிலேயே நாடத்தக்கது என்பது அவற்றின் அடிநாதம். பரீட்சையில் சறுக்கிய ஒருவரே உலகுக்கு அதைச் சொன்னார். 2019இல் திருச்சபை அவரைப் புனிதர் நிரையில் சேர்த்தது.

தெரிவே இல்லாத பிள்ளைகள்

இதுவரை தெரிவைப் பற்றிப் பேசினோம். தெரிவே இல்லாத பிள்ளைகளை மறந்தால் இக்கட்டுரை வசதியுள்ளோரின் உரையாடலாக முடிந்துவிடும்.

எமது நாட்டில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள பாடசாலைகள் 1ஏபி எனவும், கலை, வர்த்தகப் பிரிவுகள் மட்டும் உள்ளவை 1சி எனவும் வகுக்கப்பட்டுள்ளன. ஏறக்குறைய பத்தாயிரம் அரச பாடசாலைகளில் முதல் வகையைச் சேர்ந்தவை ஆயிரம் அளவிலேயே உள்ளன. பெருந்தோட்டத்திலோ வன்னியின் உட்கிராமத்திலோ பிறந்த பிள்ளைக்கு இணைந்த கணிதம் கடினமா இலகுவா என்ற கேள்வியே எழுவதில்லை. அதைக் கற்பிக்க ஆசிரியர் இல்லை. அப்பிள்ளை கலைப்பிரிவில் சேர்வதைத் தெரிவு என்பது பொருந்தாது.

பின்தங்கிய மாவட்டங்களுக்கென இடங்கள் ஒதுக்கப்பட்டிருப்பது இக்குறையைச் சிறிதேனும் ஈடுசெய்யவே. அப்படியிருக்க, நகரத்தில் எல்லா வசதியும் பெற்ற பிள்ளையை, குறைந்த வெட்டுப்புள்ளியைக் குறிவைத்து வேறு மாவட்டத்தின் பெயரில் பதிவுசெய்ய வழிதேடுவோரும் உண்டு. அங்கே ஓர் ஏழைப் பிள்ளைக்காக வைக்கப்பட்ட கதிரையில் எம் பிள்ளையை அமர்த்துகிறோம். இதற்குச் சாமர்த்தியம் என்று பெயர் வைத்தாலும் பிறர் உடைமையைக் கவரும் குற்றத்தின் சாயல் அதைவிட்டு நீங்காது.

பாடசாலைகளுக்கும் பொறுப்பு உண்டு. சித்தி வீதம் குறைந்துவிடுமென்று அஞ்சி, விருப்பமும் உழைப்பும் உள்ள நடுத்தர மாணவருக்குக் கணிதப் பிரிவின் கதவைச் சாத்துவது, பெயர்ப்பலகைக்காகப் பிள்ளையைப் பலியிடுவதாகும். வாசலில் தொங்கும் பதாகையில் மூன்று 'ஏ' பெற்றவரின் படம் இருக்கும். திருப்பி அனுப்பப்பட்டவரின் படம் எங்கும் இராது. ஆண்டவர் தேடிச் சென்றது தொண்ணூற்றொன்பதை விட்டு விலகிய அந்த ஒன்றைத்தான். எமது கத்தோலிக்கப் பாடசாலைகளில் பெரும்பாலானவை 1960ஐ அடுத்து அரசின் கைக்குச் சென்றன. ஆயினும் அவற்றிலும் எஞ்சியவற்றிலும் கற்பிக்கும் கத்தோலிக்க ஆசிரியர்களுக்கு இந்த நற்செய்தி இன்னும் பொருந்தும்.

என்ன செய்யலாம்?

பெற்றோரே, பாடத்தைத் தீர்மானிக்குமுன் பிள்ளையோடு ஒரு மாலைப்பொழுதை அமைதியாகச் செலவிடுங்கள். எந்தப் பாடத்தில் நேரம் போவது தெரிவதில்லை, எதில் தவறினாலும் மீண்டும் முயல மனம் வருகிறது என்று கேளுங்கள். கற்பித்த ஆசிரியரின் அபிப்பிராயத்தையும் அறியுங்கள். அதன்பின் நாளைய தொழிலைப் பற்றியும் வீட்டின் நிலையைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேசுங்கள். இரண்டாம் முறையும் தவறிய பிள்ளையை மூன்றாம் முறைக்குத் தள்ளுமுன், வேறு வழியில் செல்ல அதற்கு உரிமை உண்டென்பதை எண்ணுங்கள். ஞாயிறு காலையில் திருப்பலியையும் மறைக்கல்வியையும் விட்டு வகுப்புக்கு அனுப்பும்போது, எது முதன்மையானது என்ற பாடத்தை நீங்களே கற்பிக்கிறீர்கள் என்பதை மறவாதீர்கள்.

மாணவரே, உங்களால் இயன்றவற்றுள் உங்களை அதிகம் வளர்க்கும் பாடத்தைத் தெரியுங்கள். பயந்து கீழே இறங்கவும் வேண்டாம்; மதிப்புக்காக மேலே தொங்கவும் வேண்டாம். தெரிந்தபின் முழுமனத்தோடு உழையுங்கள்.

பங்குச் சமூகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எமது பங்குகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகம் சென்று திரும்பிய இளைஞர் இருக்கிறார்கள். மாலையில் பூட்டிக்கிடக்கும் மண்டபங்களும் இருக்கின்றன. கிழமைக்கு இரு மாலைகள் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டால், தெரிவே இல்லாத பிள்ளைக்கு ஒரு தெரிவு உண்டாகும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கையில், கல்வி பெறும் உரிமை மனிதர் அனைவருக்கும் உண்டென்று அறிவித்தது. அந்த உரிமைக்கு எமது ஊரில் உருவம் கொடுக்க வேண்டியவர்கள் நாமே.

இறுதியில் நாம் எல்லோரும் ஒரு வாயிலின் முன் நிற்கப்போகிறோம். அங்கே எம்மிடம் கேட்கப்படுவது, என்ன பாடம் படித்தாய், எத்தனையாம் இடத்தில் வந்தாய் என்றல்ல. பசித்தவனுக்கு உணவிட்டாயா, நோயுற்றவனைப் பார்க்க வந்தாயா என்றே கேட்கப்படும். எம் பிள்ளை கற்கும் மருத்துவமும் விவசாயமும் சட்டமும் இலக்கியமும் அந்தக் கேள்விக்கு விடைசொல்ல உதவுமானால், அப்பாடம் கடினமாயினும் இலகுவாயினும் நல்ல தெரிவே.